பெட்ரோல் பங்கை ஒட்டிய ஆழ்துளைக் கிணற்றில் எண்ணெய் வாடை: மண்ணையும் நிலத்தடி நீரையும் எப்படி ஆய்வு செய்வது?

அல்சூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் அல்சூருக்குக் கிழக்கே உள்ள ஓர் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் முன்பக்கச் சுற்றுச்சுவருக்கு அப்பால் ஒரு பெட்ரோல் பங்க் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. எங்களுக்கு இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. முன்பக்கத்தில் உள்ளது பழையது, ஏறத்தாழ 180 அடி. பின்பக்கத்தில் உள்ளது புதியது, 900 அடிக்கு மேல். குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர் வருகிறது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போர்வெல் தண்ணீர்தான்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து முன்பக்கக் கிணற்று நீரில் பெட்ரோல் வாடை வருகிறது. நிலத்தடித் தொட்டியான சம்ப்பின் மேற்பரப்பில் வண்ணப் படலம் தெரிவதாக வாட்டர்மேன் சொன்னார். நேரில் பார்த்தேன், உண்மைதான். தனியார் ஆய்வகம் ஒன்றில் நீரைக் கொடுத்துப் பரிசோதித்தோம். ‘குடிநீர்த் தர வரம்புகளுக்குள் உள்ளது’ என்று சான்றிதழ் வந்தது. பங்க் நடத்துபவர் அந்தச் சான்றிதழையே காட்டி, தம்மிடம் கசிவு ஏதும் இல்லை என்கிறார். எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் இதோடு விட்டுவிடலாம் என்கிறார்கள். மீதிப் பேர் உடனே வழக்குப் போட வேண்டும் என்கிறார்கள். அந்தச் சான்றிதழ் உண்மையில் எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்பதையும், முறையான ஆய்வு எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதையும் துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன். எங்கள் கட்டடத்தில் கைக்குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள்.

வேதிக்கூடம் எழுதியது:

ஐயா, அந்தச் சான்றிதழில் எந்தெந்தப் பொருள்களைத் தேடியிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். நம் ஊர் ஆய்வகங்கள் வழக்கமாகச் செய்வது குடிநீருக்கான இந்தியத் தரமாகிய ஐ.எஸ். 10500:2012இன்படியான சோதனை. கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், புளோரைடு, இரும்பு, கோலிபார்ம் போன்றவை அதில் வரும். பெட்ரோலில் மிகவும் அஞ்சத்தக்க பொருளான பென்சீன் அந்தத் தரத்தின் பட்டியலிலேயே கிடையாது. தேடாத பொருள் கிடைக்கவில்லை என்பதை வைத்து நீர் தூய்மையானது என்று யாரும் வாதிட முடியாது.

நீங்கள் கேட்க வேண்டியது பென்சீன், டொலுயீன், எத்தில் பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் சேர்ந்த சோதனை. துறையில் இதைப் ‘பீடெக்ஸ்’ என்பார்கள். அதோடு நாப்தலீன், கார்பன் எண்ணிக்கை வாரியாகப் பிரித்த மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் ஆகியவற்றையும் கேளுங்கள். வாயு நிறப்பகுப்புக் கருவியும் நிறை நிரல்மானியும் இணைந்த கருவி உள்ள, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாக இருக்க வேண்டும். அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, சோதனை வாரியாகத் தரப்படுவது. ஆகவே பென்சீனுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

மாதிரி எடுக்கும் விதம் கருவியைக் காட்டிலும் முக்கியம். பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்து, வண்டியில் வெயிலில் வைத்து, மறுநாள் கொடுத்தால் பென்சீனில் பெரும்பகுதி காற்றில் போயிருக்கும். 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, அமிலம் சேர்த்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். அமிலம் சேர்த்த மாதிரியை 14 நாள்களுக்குள் சோதித்து முடிக்க வேண்டும். சம்ப்பிலிருந்து எடுக்காதீர்கள், நீர் சம்ப்பில் கொட்டும்போதே ஆவியாகும் பொருள்கள் பறந்துவிடும். கிணற்றின் வாய்க்கு அருகிலுள்ள குழாயிலிருந்து, மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்ட பின் மெல்லிய தாரையாகப் பிடியுங்கள்.

அளவு பற்றி ஒரு கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு வழங்கியுள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அமெரிக்காவில் வரம்பு 5 மைக்ரோகிராம். பி.எஸ். 6 என்னும் இந்தியத் தரத்துப் பெட்ரோலில் பென்சீன் கன அளவில் 1 விழுக்காடு வரை இருக்கலாம். அந்த உச்ச அளவில் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 8.8 கிராம் பென்சீன் உண்டு. அது முழுவதும் கரைந்தால், எட்டரை லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரை அந்த வழிகாட்டு அளவுக்குக் கொண்டுபோய்விடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில் பென்சீன், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான முதல் பிரிவில் வைக்கப்பட்டிருக்கும் பொருள்.

ஆகவே முன்பக்கக் கிணற்றை இன்றே நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம்; பென்சீன் நீரிலிருந்து வெளியேறிச் சமையலறைக் காற்றில் கலக்கும். வெந்நீரில் குளிக்கும்போதும் மூடிய குளியலறையில் அதுவே நடக்கும். வீட்டு ஆர்.ஓ. கருவி இதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. கிளர்வூட்டிய கரி பென்சீனை ஈர்க்கும், ஆனால் அதன் கொள்ளளவு தீர்ந்த கணம் வெளியிலிருந்து தெரியாது. அதுவரை பின்பக்கக் கிணற்றைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பழைய மேலாளர் எழுதியது:

பல ஆண்டுகள் பங்க் ஒன்றை நிர்வகித்தவன் என்ற முறையில் சில செய்திகள். நடத்துபவர் மறைக்கிறார் என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம். கசிவு இருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

நாள்தோறும் காலையில் டிப் ராடு என்னும் அளவுகோலை விட்டோ, தானியங்கி அளவுமானியைப் பார்த்தோ தொட்டியின் இருப்பைக் குறித்துக்கொள்வோம். முந்தைய இருப்பு, வந்த சரக்கு, மீட்டர்படி விற்பனை மூன்றையும் வைத்துப் பார்த்தால் இருக்க வேண்டிய அளவு கிடைக்கும். இரண்டுக்கும் இடையே வேறுபாடு எப்போதும் உண்டு. டேங்கர் லாரியில் வெயிலில் சூடாக வந்த 12,000 லிட்டர் பெட்ரோல், மண்ணுக்கடியில் 10 டிகிரி குளிர்ந்தாலே நூறு லிட்டருக்கும் மேல் சுருங்கிவிடும். ஆவியாவது தனி. ஆகவே சிறு குறைவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது ஒரு குழாய் இணைப்பில் மணிக்கு ஒரு லிட்டர் கசிகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 24 லிட்டர். நாளொன்றுக்கு 5,000 லிட்டர் விற்கும் பங்கில் இது அரை விழுக்காடுகூட இல்லை. அன்றாட வேறுபாட்டுக்குள் மறைந்துவிடும். ஆனால் ஓராண்டில் 8,760 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. அளவீட்டுப் பிழையால் வரும் வேறுபாடு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். கசிவால் வருவது ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். தினசரி விற்பனைப் பதிவேட்டை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வாங்கி, வேறுபாட்டைத் தொட்டி வாரியாகக் கூட்டிக்கொண்டே வந்து வரைபடமாக்கினால், எந்தத் தொட்டி, எந்த மாதத்திலிருந்து என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு சல்லிக் குழியும் தோண்டாமல் கிடைக்கும் சான்று இது.

எங்கே கசியும்? தொட்டியின் உடலைவிடக் குழாய் இணைப்புகள், வண்டிக்கு எண்ணெய் நிரப்பும் டிஸ்பென்சருக்கு அடியிலுள்ள பகுதி, லாரி இறக்கும் வாய் ஆகியவற்றில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தொட்டிக்குள் இறக்கிய பம்ப் அழுத்தத்தோடு தள்ளும் அமைப்பில், விரிசல் விட்ட குழாய் பம்ப் ஓடும்போதெல்லாம் வெளியே பீய்ச்சும். பழைய உறிஞ்சும் அமைப்பில் குழாய் பழுதானால் காற்று உள்ளே வரும், பம்ப் திணறும், ஊழியருக்கே தெரிந்துவிடும். எந்த அமைப்பு என்று கேளுங்கள்.

தொட்டியில் நீர் புகுகிறதா என்று நீர்காட்டும் பசை தடவிப் பார்ப்பது அன்றாட வழக்கம். எத்தனால் கலந்த பெட்ரோலில் நீர் புகுந்தால் எத்தனால் பிரிந்து அடியில் தங்கும். நிலத்தடி நீர்மட்டம் தொட்டி உயரத்துக்கு ஏறும் இடங்களில் நீர் உள்ளே வருவது, எண்ணெய் வெளியே போகும் வழியும் திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். இன்னொன்று: பல பங்குகளில் தொட்டிகளும் பம்ப்களும் எண்ணெய் நிறுவனத்தின் உடைமை, நடத்துபவர் முகவர் மட்டுமே. கடிதத்தை இருவருக்கும் எழுதுங்கள்.

கருங்கல் எழுதியது:

நிலத்தடி நீரியலில் பணிபுரிகிறேன். வேதிக்கூடம் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது: பின்பக்கக் கிணற்றுக்கு முழுவதுமாக மாறிக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை. அதன் காரணத்தைச் சொல்ல பெங்களூரின் நிலம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நாம் நிற்பது தீபகற்ப நைஸ் என்னும் கெட்டிப் பாறையின் மீது. மேலே சில அடிகள் செம்மண்; அதன்கீழ், பாறை இற்று மண்ணாகிக்கொண்டிருக்கும் சிதைவு மண்டலம்; அதன்கீழ் கெட்டிப் பாறை. சிதைவு மண்டலம் இடத்துக்கு இடம் வேறுபடும், நூறு அடியைத் தாண்டுவதும் உண்டு. அந்தக் காலத்துத் திறந்த கிணறுகள் எல்லாம் இந்த மண்டலத்து நீரைத்தான் எடுத்தன. கெட்டிப் பாறையில் நீர் பாறையின் உடலில் இல்லை, வெடிப்புகளில்தான் இருக்கிறது. போர் போடும்போது சிதைவு மண்டலம் இடிந்து விழாமலிருக்கக் கேசிங் குழாய் இறக்குகிறார்கள். பாறை தொடங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள். கேசிங்குக்கும் துளைச் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சிமெண்டுக் குழம்பு கொண்டு அடைப்பது நம் ஊரில் அரிது. விளைவாக, ஒவ்வோர் ஆழ்துளைக் கிணறும் மேல்மண்டலத்துக்கும் ஆழத்து வெடிப்புகளுக்கும் இடையே திறந்துவைத்த செங்குத்துக் குழாயாக ஆகிவிடுகிறது.

பெட்ரோல் நீரைவிட இலேசானது. மண்ணுக்குள் இறங்கும்போது வழியிலுள்ள துகள்களில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு தங்கும். மீதி நீர்மட்டத்தை அடைந்து அதன்மீது படர்ந்து மிதக்கும். அதிலிருந்து பென்சீன் போன்றவை கரைந்து நீரோட்டத்தின் திசையில் நகரும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் இறங்கி அந்த ஆழம் முழுவதையும் பூசிவிடும். மழையில் மட்டம் ஏறும்போது பூசப்பட்ட மண் நீருக்குள் மூழ்கிப் புதிதாகக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உங்களுக்கு வாடை வந்ததற்கு இது ஒரு பொருத்தமான விளக்கம். பங்கின் தரையிலிருந்து வழிந்த மழைநீர் கேசிங்கின் ஓரமாக இறங்கியதும் இன்னொரு விளக்கமாக இருக்கலாம். ஆய்வு இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும், ஏனெனில் முதலாவதற்குத் தீர்வு தொட்டியடியில், இரண்டாவதற்குத் தீர்வு வடிகாலில்.

இப்போது பின்பக்கக் கிணறு. அதை நாள் முழுதும் ஓட்டினால் நீர்மட்டம் அந்தத் திசையில் சரியும். மாசு இப்போது அங்கே இல்லை என்றாலும் நீங்களே அதை இழுத்துவருவீர்கள். முன்பக்கக் கிணறு வழியாக மேல்மண்டலத்து நீர் ஆழத்துக்கு இறங்கவும் வழிசெய்வீர்கள். பின்பக்கக் கிணற்றையும் முதலில் பீடெக்ஸ் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை காவிரி நீரையும் டேங்கர் நீரையும் கொண்டு சமாளிக்கப் பாருங்கள். செலவு கூடும் என்பது தெரியும். ஆனால் ஆழத்து வெடிப்பில் மாசு ஏறிவிட்டால் அதை எடுப்பது மேல்மண்டலத்தில் எடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

உங்கள் பழைய சான்றிதழ்களைத் தூக்கி எறிய வேண்டாம். பெங்களூர் நகர்ப்பகுதியில் கழிவுநீர் ஊறுவதால் நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகுந்திருப்பது வழக்கம். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்க்கும், பிறகு நைட்ரேட்டை, பிறகு மாங்கனீசையும் இரும்பையும், பிறகு சல்பேட்டைப் பயன்படுத்தும். ஆகவே அக்கம்பக்கக் கிணறுகளில் நைட்ரேட் மிகுந்திருக்க உங்கள் முன்பக்கக் கிணற்றில் மட்டும் அது குறைந்து, கரைந்த இரும்பு உயர்ந்திருந்தால், அது எண்ணெய் மாசைச் சுட்டும் மறைமுகச் சான்று. கடந்த சில ஆண்டுகளின் அறிக்கைகளை வரிசையாக வைத்து நைட்ரேட், இரும்பு இரண்டையும் பார்த்து இங்கே எழுதுங்கள்.

ஈஜிபுரா எழுதியது:

எல்லாம் அறிவார்ந்த விளக்கம்தான். ஆனால் இவ்வளவு பொறுமை எதற்கு? 2013இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் வந்தபோது மக்கள் எவ்வளவு அலைந்தார்கள் என்பதை அங்குள்ள உறவினர்கள் வழியே அறிவேன். பசுமைத் தீர்ப்பாயத்துக்கு நேரே போங்கள். அவர்களே குழு அமைத்து ஆய்வு செய்யச் சொல்வார்கள். சங்கத்துப் பணத்தில் நாம் ஏன் ஆய்வு செய்ய வேண்டும்?

இன்னொரு கேள்வியும் உண்டு. உங்கள் அடுக்ககத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் வைத்திருப்பீர்களே, கசிவு அதிலிருந்து வந்திருந்தால் என்ன செய்வீர்கள்? எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் கேட்கும்.

மனுதாரர் எழுதியது:

வழக்குரைஞர் என்ற முறையில் ஈஜிபுரா நண்பருக்குப் பதில் சொல்கிறேன். தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கர்நாடகம் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வின் எல்லைக்குள் வருகிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான். ஆனால் கால வரம்பைக் கவனியுங்கள். 2010ஆம் ஆண்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் போனால், வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். 15ஆம் பிரிவில் நிவாரணமும் மீட்டெடுப்பும் கேட்டால் ஐந்து ஆண்டு. ஆகவே வாடையை முதலில் உணர்ந்த நாளைக் குறித்து வைத்த ஏதேனும் எழுத்து, வாட்டர்மேனின் பதிவேடு, சங்கத்தின் வாட்ஸப் குழுச் செய்தி, எதுவாயினும் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள்; தலைமையகம் சர்ச் தெருவில் பரிசர பவனில் உள்ளது. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தில் ‘நீரோடை’ என்ற வரையறைக்குள் நிலத்தடி நீரும் அடங்கும். 24ஆம் பிரிவு நீரோடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ மாசுப்பொருளைத் தெரிந்தே விடுவதைத் தடுக்கிறது. 21ஆம் பிரிவு வாரிய அலுவலருக்கு மாதிரி எடுக்கும் அதிகாரத்தைத் தருகிறது. பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கும் ஒரு படி அனுப்புங்கள். 2002ஆம் ஆண்டுப் பெட்ரோலிய விதிகளின்கீழ்ப் பங்குக்கு உரிமம் தருவது அந்த அமைப்புதான். தொட்டியைச் சோதிக்கச் சொல்லும் அதிகாரமும் அதற்கு உண்டு.

சங்கம் ஏன் செலவழிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டைத் தீர்ப்பாயம் பின்பற்றச் சொல்கிறது. 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளும் பொறுப்பானவரிடமிருந்து செலவை வசூலிக்க வழிசெய்கின்றன. ஆனால் பொறுப்பானவர் யார் என்று தெரிந்த பிறகுதானே அதெல்லாம்? சங்கம் இப்போது செய்யும் சிறு செலவு, வாரியமோ தீர்ப்பாயமோ உங்கள் மனுவைக் கையில் எடுக்கப் போதுமான அடிப்படையை உண்டாக்கும். கிணற்று நீரில் பென்சீன் இருக்கிறது என்ற ஒரு முறையான அறிக்கை, வாடை வருகிறது என்ற ஐம்பது கையொப்பங்களைவிட வலிமையானது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் புதிய பங்குக்கும் குடியிருப்புக்கும் இடையே 50 மீட்டர், எந்நிலையிலும் 30 மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்று உள்ளது. உங்கள் பங்க் அதற்கு முற்பட்டது என்பதால் இடைவெளியை மையமாக வைத்து வாதிட வேண்டாம். கசிவை மையமாக வையுங்கள்.

வேதிக்கூடம் எழுதியது:

கருங்கல் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். நீரின் தரத்தை மட்டும் வைத்து அப்படிச் சொன்னேன். நீரோட்டம் அவர் துறை.

ஜெனரேட்டர் டீசலா, பங்கின் பெட்ரோலா என்பதை ஆய்வகம் பிரித்துச் சொல்ல முடியும். பெட்ரோலில் கார்பன் எண்ணிக்கை பெரும்பாலும் 4 முதல் 12 வரை. டீசலில் ஏறத்தாழ 10 முதல் 25 வரை. நிறப்பகுப்பு வரைபடத்தில் இவை இரண்டும் வெவ்வேறு இடங்களில் எழும்பும். பெட்ரோலில் பென்சீனும் டொலுயீனும் மிகுதி, டீசலில் மிகக் குறைவு. புதிய கசிவில் பென்சீனும் டொலுயீனும் ஓங்கி நிற்கும். அவை எளிதில் கரைந்தும் சிதைந்தும் போவதால், பழைய கசிவில் எத்தில் பென்சீனும் சைலீனும் விகிதத்தில் மேலோங்கும். ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் நின்றது. மண்ணில் கரிம ஈயச் சேர்மம் கிடைத்தால் அதற்கு முந்தைய கசிவும் உண்டு என்று பொருள்.

ஆனால் பங்கிலும் டீசல் விற்கிறார்கள். டீசல் கிடைத்தால் இரு தரப்பிலும் ஐயம் நிற்கும். அப்போது இடமும் ஓட்டத் திசையும்தான் தீர்மானிக்கும். ஜெனரேட்டர் அறையின் தரையையும் அதன் அடியிலுள்ள மண்ணையும் நீங்களே முன்வந்து ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அல்சூர்வாசி எழுதியது:

நன்றி. முன்பக்கக் கிணற்றை மூடிவிட்டோம். பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். கருங்கல் ஐயா சொன்னபடியே, முன்பக்கக் கிணற்றில் நைட்ரேட் முன்பு மிகுந்திருந்து, அண்மை அறிக்கையில் பெருமளவு குறைந்திருக்கிறது. இரும்பு வரம்புக்குச் சற்றுக் கீழே வரை ஏறியிருக்கிறது. நைட்ரேட் குறைந்ததை நற்செய்தியாக எண்ணித்தான் ஆய்வகத்தார் நீர் தகுதியானது என்று முடித்திருக்கிறார்கள். பின்பக்கக் கிணற்றில் நைட்ரேட் மாறவில்லை.

இந்த இரண்டு எண்களையும் காட்டிப் பேசியதில் பங்க் நடத்துபவரின் போக்கு மாறியிருக்கிறது. எண்ணெய் நிறுவனப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, கூட்டாக ஆய்வு செய்யலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். மண்ணில் எங்கே, எவ்வளவு ஆழம் துளையிட வேண்டும்? எங்கள் தரைத்தளத்துக்குக் கீழே வாகன நிறுத்துமிடம் உள்ளது, அங்கே ஆபத்து உண்டா?

மண்துளை எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது அவசரம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு இருந்தாலே தீப்பற்றும். நிறுத்துமிடத்தில், குறிப்பாகச் சம்ப்பின் மூடிக்கு அடியிலும் மின்தூக்கிக் குழியிலும் வடிகால் தொட்டியிலும், தீப்பற்றும் வாயுவை அளக்கும் கருவி கொண்டு இந்த வாரத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை உண்டு. அது மண்ணில் ஆக்சிஜன் இல்லாமல் சிதைந்தால் மீத்தேன் உண்டாகும். பெட்ரோல் ஆவியை அளக்கப் பயன்படும் ஒளி அயனியாக்க அளவுமானி மீத்தேனைக் காட்டாது. ஆகவே இரண்டு கருவிகளும் வேண்டும். எத்தனால் இன்னொரு தொல்லையும் தரும்: நுண்ணுயிர்கள் முதலில் அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் பென்சீன் சிதையாமல் நெடுந்தொலைவு போகும்.

துளையிடுமுன், பங்கின் தொட்டிகள், குழாய்கள், மின்கம்பிகள், பழைய தொட்டி ஏதேனும் புதைந்திருந்தால் அதுவும், எல்லாம் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். முதல் ஐந்து அடியைக் கையால்தான் தோண்ட வேண்டும். இயந்திரம் நேரே இறங்கி எண்ணெய்க் குழாயை உடைத்தால், ஆய்வே கசிவுக்குக் காரணமாகிவிடும். துளையிடும் நேரத்தில் விற்பனையை நிறுத்தி, வாயுவை விடாமல் அளந்துகொண்டிருக்க வேண்டும்.

இடங்கள்: தொட்டிக் குழியின் ஓரங்கள், லாரி இறக்கும் வாய், ஒவ்வொரு டிஸ்பென்சர் தீவின் அருகு, எண்ணெய் பிரிக்கும் தொட்டி, உங்கள் சுற்றுச்சுவரின் இருபுறமும். மாசு எட்டாத, நீரோட்டத்தின் மேற்புறத்தில் ஓர் ஒப்பீட்டுத் துளை கட்டாயம் வேண்டும். அது இல்லாத அறிக்கையை ஏற்காதீர்கள். ஆழத்தை முன்கூட்டியே எண்ணாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு சில அடிக்கும் மண்ணை எடுத்து, பையில் அடைத்து, ஆவியை அளந்துகொண்டே போக வேண்டும். அளவு ஏறி, உச்சம் தொட்டு, இறங்கித் தூய மண் வரும்வரை போக வேண்டும்; உச்சம் தொட்ட இடத்து மண்ணும் அதன்கீழே தூயதாகத் தெரியும் மண்ணும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். தொட்டியைச் சுற்றிக் கொட்டிய மணலில் மட்டும் மாதிரி எடுத்து முடித்துவிடும் வழக்கம் உண்டு. அதற்கு இடம் தராதீர்கள்.

கண்காணிப்புக் கிணறுகள் குறைந்தது மூன்று வேண்டும், ஒரே நேர்கோட்டில் இல்லாமல். மூன்றின் வாயையும் ஒரே அளவைப் புள்ளியிலிருந்து மட்டம் பார்த்தால்தான் நீரோட்டத் திசை கிடைக்கும். கிணற்றுக்குள் நீர் புகும் துளைகளுள்ள சல்லடைக் குழாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். முழுதும் நீருக்கடியில் இருந்தால் மேலே மிதக்கும் எண்ணெய் உள்ளே வரவே வராது, தூயது என்று எழுதிவிடுவார்கள். கிணற்றில் தெரியும் எண்ணெயின் தடிமன் மண்ணில் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த எண்ணைக் கொண்டு கசிந்த அளவைக் கணக்கிட்டு யாரும் சண்டையிட வேண்டாம்.

சம்ப்பில் தெரிந்த வண்ணப் படலத்தை ஒரு குச்சியால் கலக்கிப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் சுழன்று மீண்டும் சேரும். இரும்பை உண்ணும் பாக்டீரியாவின் படலம் சில்லுகளாக உடையும். இது சான்றாகாது, ஆனால் எதைத் தேடுகிறோம் என்று சொல்லும்.

குழாய்க்கிணறு எழுதியது:

போர் போடும் தொழிலில் இருக்கிறேன். இப்படிப்பட்ட இடங்களில் பலர் என்னிடம், பழையதை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இன்னும் ஆழமாக ஒன்று போட்டுத் தாருங்கள் என்கிறார்கள். அது சரியா என்று கருங்கல் ஐயாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கருங்கல் எழுதியது:

சரியன்று. மாசு மிதக்கும் மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகும் ஒவ்வொரு புதிய துளையும் மாசுக்கு ஒரு புதிய பாதை. இப்படிக் கேட்பவர்களைத் திருப்பி அனுப்புங்கள் ஐயா, அது பெரிய உதவி. பழைய கிணற்றையும் அப்படியே கைவிடக் கூடாது. ஆய்வு முடியும்வரை அதிலிருந்து நீர்மட்டமும் மாதிரியும் எடுக்கலாம். அதன்பின் பெண்டோனைட் களிமண்ணும் சிமெண்டும் கலந்த குழம்பை அடியிலிருந்து மேல்நோக்கிச் செலுத்தி முழுவதுமாக அடைக்க வேண்டும். மேலே ஒரு கல்லை வைத்து மூடுவது அடைத்ததாகாது.

தூய்மையாக்கல் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாக: கசிவை நிறுத்துவது முதல் வேலை. மிதக்கும் எண்ணெயை எடுப்பது, மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சுவது, நீருக்குள் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் தருவது ஆகியவை சிதைவு மண்டலத்தில் ஓரளவு நன்கு பயன்படும். பாறை வெடிப்பில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த முறை என்பதை ஆய்வு முடியுமுன் யாரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அல்சூர்வாசி எழுதியது:

வாயு அளவீடு முடிந்தது. நிறுத்துமிடத்தின் காற்றில் ஒன்றும் இல்லை. சம்ப்பின் மூடிக்கு அடியில் மட்டும் ஆவி தெரிந்தது. சம்ப்பைக் காலிசெய்து திறந்து வைத்திருக்கிறோம். முறைப்படி எடுத்த நீர் மாதிரிகளின் முடிவும் வந்துவிட்டது. முன்பக்கக் கிணற்றில் பென்சீன் உலகச் சுகாதார நிறுவன அளவைப்போலப் பல மடங்கு இருக்கிறது, வரைபடம் பெட்ரோலைக் காட்டுகிறது. பின்பக்கக் கிணற்றில் கண்டறியும் வரம்புக்குக் கீழே.

வாரியத்துக்கும் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கும் அறிக்கையோடு கடிதம் கொடுத்துவிட்டோம். பங்கின் விற்பனைப் பதிவேட்டை மூன்று ஆண்டுக்குத் தர நிறுவனம் இசைந்திருக்கிறது. பங்கின் பெட்ரோல் தொட்டியின் விற்பனையையும் அழுத்தச் சோதனை முடியும்வரை நிறுத்தியிருக்கிறார்கள். கண்காணிப்புக் கிணறுகள் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும் என்பது மட்டும் ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் உள்ளது.

மண்துளை எழுதியது:

முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று எழுதுங்கள். அவற்றில் ஒன்று ஏப்ரல் அல்லது மே மாதத்தில், நீர்மட்டம் அடியில் இருக்கும்போதும், ஒன்று வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மட்டம் ஏறியிருக்கும்போதும் அமைய வேண்டும் என்று மாதத்தைக் குறிப்பிட்டே எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் பின்பக்கக் கிணறும் பட்டியலில் இருக்க வேண்டும். மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றைச் சங்கத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பும் உரிமையையும் அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள்.